தீபாவளிக்கு அவள் ஊற்றிய மீடியம்

ரஞ்சிதம் இறந்துபோன செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஆய்வகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, அதாவது மீடியத்தை, மாற்றிக்கொண்டிருந்தேன். மேசை மேல் போன் அதிர்ந்தது. திரையில் அவளுடைய தம்பி ஆல்பர்ட்டின் பெயரும் ஒரு வரியும் தெரிந்தன: "அக்கா காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." கையுறையோடு போனைத் தொடக் கூடாது, ஆரம்பித்த தட்டைப் பாதியில் விடக் கூடாது என்று எங்கள் ஆய்வகத்தில் சட்டம் போட்டவளே அவள்தான். மீதி ஏழு குழிகளுக்கும் மீடியம் ஊற்றி, தட்டை மூடி, இன்குபேட்டரில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிய பிறகே பத்து பாகாட் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. முந்தின வாரம்தான் வீட்டு மரத்து மாம்பழம் ஒரு கூடை அனுப்பியிருந்தாள். பாதிப் பழம் இன்னும் பழுக்கவே இல்லை.

அவளுடைய நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆல்பர்ட் கேட்டான். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் எனக்கென்று வைத்துவிட்டுப் போன பெட்டியை அவன் கொடுத்தான். பெட்டியைத் திறக்காமல் எழுதியிருந்தால் நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது எப்படி வருமோ தெரியாது. அவளை அறிந்தவர்கள், நேசித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் மனம் நோகலாம். எனக்கும் நொந்திருக்கிறது.

முதலில் நாங்கள் இருவரும் பதினாறு வருடம் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஓடும் இரத்தத்தில் இருக்கும் எல்லாமே மூளைக்குள் போய்விட முடியாது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, வேண்டியதை மட்டும் உள்ளே விடும். அதை இரத்த மூளைத் தடுப்பு என்பார்கள். நாங்கள் வேலி என்று சொல்லிக்கொள்வோம். அந்தச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னஞ்சிறு உறுப்புகள் உண்டு. செல்லுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிப்பவை அவை. அவை நின்றுபோனால் வேலி நிற்குமா, சரியுமா? இதுதான் எங்கள் கேள்வி. செல்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வளர்ப்போம். அவை பரவி, ஒட்டி, ஒரு படலமாக ஆனதும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் மருந்தை ஊற்றுவோம். பிறகு சாப்ஸ்டிக் போல இரண்டு கால் உள்ள ஒரு கருவியை விட்டு மின்தடையை அளப்போம். எண் உயரமாக இருந்தால் வேலி இறுக்கம். எண் விழுந்தால் வேலி கசிகிறது.

எங்களுக்கு எண் விழவில்லை. எத்தனை முறை செய்தாலும் விழவில்லை. மைட்டோகாண்ட்ரியா நின்றாலும் வேலி நிற்கும் என்று கட்டுரை எழுதினோம். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர் அவளுடையது. அந்தக் கட்டுரையால்தான் எனக்கு நாலு இடத்தில் பெயர் தெரிந்தது. தமிழில் அறிவியல் பேச ஆள் வேண்டும் என்று மலேசியாவில் இந்த ஜோகூர் பக்கம் யார் கேட்டாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள் மேடையில் மூளையைப் பற்றிப் பேசுகிறாள் என்று என் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

ரஞ்சிதம் வேறு மாதிரி வீட்டுப் பெண். அவளுடைய தாத்தா சிலோனிலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். வீட்டில் பியானோ உண்டு, ஞாயிறு தவறாமல் சர்ச் உண்டு. உணர்ச்சிவசப்பட்டால் அவள் வாயில் 'ஆமாம்' போய் 'ஓம்' வந்துவிடும். நான் கேலி செய்வேன். "இன்னொரு தடவை ஓம் சொல்லு, நமசிவாய நான் சேர்த்துக்கிறேன்" என்பேன். அவளுக்குக் கோபமே வராது. ஆய்வகத்தில் கோபத்தின் மொத்தக் குத்தகையும் என்னிடம்தான் இருந்தது. ஒரு கூட்டத்தில் புள்ளியியல் பார்க்கிற ஒருவர் என் வரைபடம் ஒன்றில் தவறு இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. லிப்டில் அவர் இருந்தால் படியில் ஏறிப் போவேன், எங்கள் ஆய்வகம் ஐந்தாவது மாடியில். ரஞ்சிதம் மூச்சிரைக்க என் கூடவே ஏறி வருவாள். "உன்கிட்ட உண்மை சொல்றதுன்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் வரணும்லா" என்று ஒருநாள் நாலாவது மாடியில் நின்று சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அதை வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

செல்களுக்கு லீவு கிடையாது என்பாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய மீடியத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தீபாவளிக்கு நான் வர மாட்டேன், என் செல்களுக்கு அவள் ஊற்றுவாள். கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் அவள் வர மாட்டாள், அவளுடைய செல்களுக்கு நான் ஊற்றுவேன். தீபாவளி முடிந்து நான் முறுக்கோடு வருவேன், கிறிஸ்துமஸ் முடிந்து அவள் கேக்கோடு வருவாள். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட இது தவறியதில்லை. கட்டிடத்தில் மற்றவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டுரை வெளிவந்த அடுத்த மாதம் தீபாவளி வந்தது. நான் ஐந்து நாள் லீவு. திரும்பி வந்து வழக்கம்போல என் தட்டுகளில் மருந்தை ஊற்றி மறுநாள் அளந்தால் எண் தரைமட்டம். வேலியே இல்லை. மறுபடி அளந்தேன், அதே எண். ஆய்வகமே அதிரும்படி கத்தினேன். "யாரு என் தட்டைத் தொட்டது? எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க!" ரஞ்சிதம் முறுக்கு டின்னைத் திறந்துகொண்டு நின்றாள். "மீடியம் பழசா இருந்திருக்கும் தேவி. தூக்கிப் போட்டுட்டு வேற வளர்த்துக்கலாம், வா, முறுக்கு சாப்பிடு" என்றாள். தூக்கிப் போட்டேன். சாப்பிட்டேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். அடக்கம் முடிந்த மறுவாரம் ஆல்பர்ட் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். காலணி வாங்கினால் தருகிற அட்டைப் பெட்டி. மூடியில் 'தேவிக்கு' என்று அவள் கையெழுத்து. உள்ளே ஒரு காலிப் புட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு ஒன்றும் இருந்தன. புட்டி நாங்கள் வாங்குகிற மீடியப் புட்டி போலவே இருந்தது. அதே அளவு, அதே மூடி. லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் சர்க்கரை வேறு. நாங்கள் எப்போதும் ஊற்றியது குளுக்கோஸ் நிறைய உள்ள மீடியம். இது குளுக்கோஸே இல்லாமல் கேலக்டோஸ் போட்ட மீடியம். வேறொரு குழு வாங்கி, குளிர்ப்பெட்டியின் பின்வரிசையில் மறந்துவிட்டுப் போனது. திரவம் இரண்டிலும் ஒரே நிறம், கடையில் விற்கிற சிரப் தண்ணீரின் சிவப்பு. அந்தத் தீபாவளிக்கு எங்கள் புட்டி தீர்ந்துபோய், அவள் தெரியாமல் இதை எடுத்து இரண்டு முறை ஊற்றியிருக்கிறாள்.

படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு நோட்டைத் திறப்பதற்கு முன்பே எங்கள் கட்டுரையின் கதி தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பி இருக்காது. அதற்கு வெளியிலேயே, சர்க்கரையைப் பாதி உடைத்து, அவசரச் சமையல் செய்து காலத்தை ஓட்டிவிடும். கேலக்டோஸில் அந்த அவசரச் சமையல் போதாது, மைட்டோகாண்ட்ரியா வேலை செய்தே ஆக வேண்டும். நாங்களோ இரத்தத்தில் இருப்பதைப் போல நாலைந்து மடங்கு குளுக்கோஸில் செல்களை ஊற வைத்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி, பார்த்தீர்களா ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறோம். எண் விழாததற்கு வேலியின் பலம் காரணம் இல்லை. நாங்கள் ஊட்டிய சீனி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. முதல் நாளிலிருந்து அதே புட்டி வாங்கிய பழக்கத்தில் ஒருவருக்கும் அந்த லேபிளைப் படிக்கத் தோன்றவில்லை.

ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள். எங்கள் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆய்வகத்தில் மற்ற யாருக்கும் புரியக் கூடாது என்றே தமிழில் எழுதியிருக்க வேண்டும். 'தேவி கத்திவிட்டுப் போன பிறகு குப்பையில் இருந்து புட்டியை எடுத்துப் பார்த்தேன். கடவுளே.' அடுத்த பக்கங்களில் எண்கள். நான் சிங்கப்பூருக்குப் போன நாட்களாகப் பார்த்து மூன்று முறை திரும்பச் செய்திருக்கிறாள். குளுக்கோஸில் வேலி நிற்கிறது. கேலக்டோஸில் சரிகிறது. மூன்று முறையும் சரிந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: 'தேவியிடம் சொல்லணும். திங்கட்கிழமை.'

அது ஏழு வருடத்துக்கு முந்தைய பக்கம்.

அந்த வரி நோட்டில் பதினோரு இடத்தில் வருகிறது. என் பதவி உயர்வு நேர்காணலுக்கு முந்தின வாரம், 'நேர்காணல் முடியட்டும். திங்கட்கிழமை.' என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, 'இப்போது வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை.' கடைசியாக, அவள் முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் பத்து பாகாட்டுக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. அந்தத் திங்கட்கிழமை நாங்கள் அவளுக்குப் பிரியாவிடை விருந்து வைத்தோம். நான் பேசினேன். 'இந்த ஆய்வகத்தில் எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்யாத ஒரே ஆள்' என்று மைக்கில் சொன்னேன். அவள் அழுதாள். பிரிகிற துக்கம் என்று நினைத்து நானும் அழுதேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எனக்கு அதிகம் வலிப்பது, தவறு நடந்தது அல்ல. தவறு யாருக்கும் நடக்கும். ஏழு வருடம் என்னை மேடையேற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே, அதுதான். அதிலும் ஆயர் ஈத்தாமில் ஒரு மண்டபத்தில் பேசிய நாளை என்னால் தாண்டவே முடியவில்லை. அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள், முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சு முடிந்ததும் பார்வதி என்கிற ஓர் அம்மா எழுந்தார். அங்கே சாலையோரத்தில் மண்பாண்டக் கடையில் வேலை செய்பவர். மகளுக்குப் பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியா கோளாறு, அடிக்கடி வலிப்பு வரும். "டாக்டர், எம் பொண்ணுக்கு நீங்க சொன்ன அதேதான் கெட்டுப்போயிருக்கு. அப்ப அந்த மூளை வேலியும் கெட்டுப்போயிருமா? ஒரு மருந்து குடுக்கவும் பயமா இருக்கு" என்றார். அவர் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, பட்டத்தால் டாக்டர். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இல்லம்மா, அந்த வேலிக்கு அது தேவையே இல்ல. நாங்களே சோதிச்சுப் பார்த்திருக்கோம். அதை நெனச்சு நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். மண்டபம் கைதட்டியது. நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அவள் காகிதக் கோப்பையில் இருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி, மெருகு பூசாத தண்ணீர்ப் பானை ஒன்று வாங்கினாள். அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதில எங்கயாவது விரிசல் தெரியுதா பாரு" என்றாள். இல்லை என்றேன். "ஆனா தண்ணி ஊத்தி வச்சா வெளியில ஈரம் வரும். நம்ம கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமில்ல, என்ன?" என்றாள். "மண்பானை கசியாம வேற என்ன செய்யும், வெயில் கொளுத்துது, வண்டியில ஏறு" என்றேன். அன்று அவள் சொல்ல வந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. ஆனால் ரஞ்சி, இப்படிப் பானையைக் காட்டிப் பேசினால் புரிந்துகொள்ள நான் என்ன ஜோசியக்காரியா? வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதற்கு உனக்கு என்ன கேடு? இப்போது செத்துப்போன பிறகு நோட்டை அனுப்புகிறாய். உன்னோடு சண்டை போடக்கூட எனக்கு வழி வைக்காமல் போய்விட்டாயே.

நோட்டைப் படித்த மூன்றாம் நாள் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். மூளை சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு தாய்க்குப் பொய்யான தைரியம் கொடுத்திருக்கிறேன். அதை நானே போய்த் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு எதுவும் அதற்குப் பிறகுதான் என்று தோன்றியது. செனாயில் ஏறியதிலிருந்து நெடுஞ்சாலை முழுவதும் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே ஓட்டினேன். கடை அதே இடத்தில்தான் இருந்தது. பார்வதி அம்மாவுக்கு முடி நரைத்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து உண்டியல் பொம்மைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள்தான். எனக்கு மூச்சு வந்தது.

"அம்மா, என்னை ஞாபகம் இருக்கா? அன்னிக்கு மண்டபத்தில நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு. எங்க சோதனையே தப்பு" என்று தயார் செய்ததையெல்லாம் மறந்து கொட்டினேன்.

அவர் கையில் இருந்த ஜாடியைக் கீழே வைத்தார். "அலமாக், அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். "அதான் அடுத்த சனிக்கிழமையே உங்க கூட வந்த அக்கா வந்து சொல்லிட்டாங்களே. பாவம், இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தாங்க. வேலி நிக்கும்னு சொல்ல முடியாது, விழும்னும் சொல்ல முடியாது, எங்களுக்குத் தெரியாது, அதுதான் உண்மைன்னாங்க. எந்த மருந்தா இருந்தாலும் பாப்பாவோட ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னு எழுதியே குடுத்தாங்க. அந்தச் சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லலன்னு நீங்க கேக்கலையா?" என்றேன்.

"கேட்டேனே. டாக்டரம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். இன்னும் சொல்லல, சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க, கோவக்காரின்னாங்க. நீங்க சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் வருசா வருசம் பாப்பாவைப் பார்க்க வருவாங்க. கேக் கொண்டு வருவாங்க. இந்த வருசம் இன்னும் வரல. நல்லா இருக்காங்களா?"

அவள் போய்விட்டாள் என்பதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் சொன்னேன். பார்வதி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் விலைச் சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். ஒருநாள் பார்த்த ஒரு பெண்ணிடம் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, தெரியாது என்று சொல்ல அவளால் முடிந்திருக்கிறது. பதினாறு வருடம் ஒரே மேசையில் சோறு சாப்பிட்ட என்னிடம் முடியவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குச் சொல்லிவிட்டாள், நான் செய்த கெடுதலைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டாள், என்னை மட்டும் வெளியே நிறுத்தினாள். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருப்பாள். அந்தக் காப்பாற்றலை நான் கேட்கவில்லை. அதே சமயம், நாலாவது மாடியில் அவள் சொன்ன ஹெல்மெட் கதையும் கூடவே வருகிறது. அந்தத் திங்கட்கிழமைகளில் ஒன்றில் அவள் வந்து சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? லிப்டை விட்டுப் படியில் ஏறியிருப்பேன். இந்த முறை என்னோடு சேர்ந்து ஏறி வர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும், ரஞ்சி. நான் கத்தினால் கத்தட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அதை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுதினேன். இதற்கு எழுதியவர்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்பது விதி. இரண்டாம் ஆசிரியர் காலமாகிவிட்டார், ஆனால் அவருடைய சம்மதம் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது என்று எழுதி, நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, மொழிபெயர்த்து இணைத்தேன். பிழையை முதலில் கண்டுபிடித்தவர் கிரேஸ் ரஞ்சிதம் என்று அவளுடைய முழுப் பெயரையும் போட்டேன். மொழிபெயர்ப்பில் அந்தப் பதினோரு 'திங்கட்கிழமை' வரிகளையும் விடவில்லை.

ஆல்பர்ட் கேட்ட நாலு நல்ல வார்த்தை இதில் எங்காவது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய பொருட்களில் எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னான். பியானோ என் வீட்டில் நுழையாது. பைபிள் வேறு யாருக்காவது உதவும். நான் வைத்துக்கொண்டது அந்தக் காலிப் புட்டியை, ஆய்வகத்தில் என் கண்ணுக்கு நேராக, லேபிள் வெளியே தெரிய. பிறகு அந்த நோட்டை. பிறகு என் கோபத்தை, அது இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று நினைக்கிறேன். வருகிற கிறிஸ்துமஸுக்கு ஊற்றுவதற்கு அவளுடைய செல்கள் ஒன்றும் இல்லை. கேக்கை நான் வாங்கி ஆயர் ஈத்தாமுக்குக் கொண்டுபோவேன்.

இதழுக்கான கடிதத்தை வெள்ளிக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். அன்றே அனுப்பியிருக்கலாம். மூன்று நாள் காத்திருந்து, திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன்.